எஞ்சின் அணைந்த பின்னும் ஐந்து

புதிதாக ஸ்டியரிங் பிடிக்க வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த எடைக்கு எவ்வளவு நீள ஸ்கி, காலை நுழைக்கும் பூட்டை எவ்வளவு இறுக்கவேண்டும், கயிற்றை எப்போது குறைக்கவேண்டும் என்றெல்லாம் கேட்டுக்கொண்டு என்னிடம் வராதீர்கள். அதையெல்லாம் உங்கள் கைபேசி என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுக்கும். போன வாரம் உங்களில் ஒருவர், "இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தப்புகூட பண்ணலியாமே சார் நீங்க?" என்று கேட்டார். யார் கிளப்பிவிட்ட கதையோ தெரியவில்லை. அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நோணாங்குப்பம் படகுத்துறையைத் தாண்டி, ஆறு அகலமாகிக் கடலைப் பார்த்துத் திரும்பும் இடத்தில் இருக்கிறது எங்கள் வாட்டர்ஸ்கி கிளப். நான் சேர்ந்த காலத்தில் அது ஒரு தகரக் கொட்டகையும் ஒரு போட்டும்தான். ஸ்லாலம் என்றால் வந்து பார்க்கிறவர்களுக்கு போட் இழுக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒற்றைப் பலகையில் ஒருவர் இடமும் வலமுமாகச் சாய்ந்து சாய்ந்து போவது மட்டும்தான் தெரியும். ஆறு மிதவைகளைச் சுற்றிப் போகவேண்டும், அதுதான் ஆட்டம். முன்னால் போட்டில் இருக்கிறவனை யாரும் பார்ப்பதில்லை. அவன் வேலை இரண்டே இரண்டு: நேராகப் போகவேண்டும், ஒரே வேகத்தில் போகவேண்டும். ஸ்கி ஓட்டுகிறவர் கயிற்றைப் பிடித்துத் தன் முழு எடையோடு இழுப்பார். போட் அசையக்கூடாது. அதில் எனக்குப் பெருமை அதிகம். என் போட்டுக்குப் பின்னால் வந்தால் தண்டவாளத்தில் போவதுபோல இருக்கும் என்று சென்னையிலிருந்து வருகிறவர்கள் சொல்வார்கள். நானும் கேட்டுக்கேட்டுப் பூரித்துப் போயிருந்தேன்.

வேகத்தைக் காட்டப் பழைய போட்டில் ஒரு முள் இருந்தது. அடியில் ஒரு சின்னக் குழாய் உண்டு. அதில் மோதும் தண்ணீரின் அழுத்தத்தை வைத்து அந்த முள் நகரும். எங்கள் ஆற்றுச் சேற்றுக்கு அது வாரம் ஒருமுறை அடைத்துக்கொள்ளும். பாஸ்கர் முங்கிப் போய் ஊக்கை விட்டுக் குத்திக் குத்தி எடுப்பான். பாஸ்கர் எங்கள் மெக்கானிக். போட் ஓடும்போது பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, ஸ்கியில் வருகிறவரையே கவனித்துக்கொண்டிருக்கும் அப்சர்வரும் அவன்தான். ஒருநாள், "இந்தக் கொழா இழவெடுத்த வேலை இனிமே என்னால ஆவாதுண்ணே" என்றான். அந்தச் சித்திரையில் சாட்டிலைட்டைப் பார்த்து வேகம் சொல்லும் பெட்டி ஒன்று வந்து சேர்ந்தது. எண்ணைப் போட்டுவிட்டால் போதும், அதுவே த்ராட்டிலைக் கூட்டும், குறைக்கும். மணிக்கு நாற்பத்தாறு கிலோமீட்டர் என்று போட்டால் நாற்பத்தாறுதான்.

வெயில் காலம் முழுக்க அது பிசகவே இல்லை. அப்போதெல்லாம் முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கிடக்கும், ஆற்றுத் தண்ணீர் குளம்போல நின்றுவிடும். என் கையைவிட அந்தப் பெட்டி கெட்டிக்காரத்தனமாக ஓட்டியது. முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு சுகமாகிவிட்டது. இரண்டு மாதத்தில் முழுசாக நம்பிவிட்டேன். மழை வந்தது, கிளப்பை மூடினோம். ஆறு பெருகி, மணலை உடைத்துக்கொண்டு கடலில் கலந்தது. மார்கழியில் மறுபடி திறந்தோம்.

வாசுகியை உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தண்ணீரில் நிற்கச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான். அப்போது அவருக்கு நாற்பது வயது, காலாப்பட்டு பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை. அப்பா பஞ்சாலையில் இருந்தவர். முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் வாசுகி நீச்சலே கற்றார். அதற்குப்பின் மூன்று வருடமாக ஞாயிறு தவறாமல் எங்களிடம் வந்துகொண்டிருந்தார். அந்தத் தையில் பெண்களுக்கென்று தனி வகுப்பு ஆரம்பிக்கக் கிளப் முடிவு செய்திருந்தது. அதற்குப் பயிற்சியாளராக அவரை எடுப்பதாகப் பேச்சு. கமிட்டிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுச் சொல்வதுதான் பாக்கி. ஆய்வுக்கூட வேலையை விடக்கூடத் தயாராக இருந்தார். அதைப்பற்றி அவர் பேசுகிறபோது முகமே வேறாக இருக்கும்.

கமிட்டிக்காரர்கள் வருவதற்கு முந்தின ஞாயிறு. காலை எட்டரை மணி. ஆற்றுத் தண்ணீரைக் கடல் உள்ளே இழுத்துக்கொண்டிருந்த நேரம். ஆற்றின் மேல்தோல் கண்ணாடிபோல இருந்ததால் அடியில் ஓடும் இழுப்பை நான் பொருட்படுத்தவில்லை.

கிழக்கே, கடலைப் பார்த்து முதல் ஓட்டம். மூன்றாவது மிதவையிலேயே வாசுகி கட்டைவிரலை மேலே காட்டினார். வேகத்தைக் கூட்டு என்று அர்த்தம். "அண்ணே, கூட்ட சொல்றாங்க" என்றான் பாஸ்கர். திரையைப் பார்த்தேன். நாற்பத்தாறு. அவருடைய வேகம் அதுதான், வெயில் காலத்திலிருந்தே அதுதான். "சரியாத்தான் இருக்குது. தூக்கம் கலையல போல, அவங்கள நல்லா சாஞ்சு வரச்சொல்லு" என்றேன். ஸ்கி தண்ணீரில் அமுங்க அமுங்க, கால் நடுங்க, எப்படியோ முடித்தார்.

திரும்பினோம். மேற்கே, ஆற்றுக்கு எதிராக. எண் அதே நாற்பத்தாறு. எஞ்சின் சத்தம் கூடியிருந்தது. என் காதுக்கு அது கேட்டது, இல்லையென்று சொல்லமாட்டேன். பெட்டி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். முதல் மிதவையை வாசுகி தூக்கியடித்ததுபோல வந்து தாண்டினார். இரண்டாவதில் ஒரு கையை விடுவித்துக் கட்டைவிரலைக் கீழே காட்டினார்.

"அண்ணே, கொறைக்க சொல்றாங்க."

பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் நானும் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே, தண்ணீரைக் குத்திக்காட்டும் விரல். ஒரு தடவை, உடனே இன்னொரு தடவை.

நான் சிரித்தேன். "போறப்ப கூட்டுங்கறாங்க, வர்றப்ப கொறைங்கறாங்க. அடுத்த வாரத்த நெனச்சு பதட்டம்டா" என்றேன். பாஸ்கரும் சிரித்தான். திரையில் நாற்பத்தாறு. நான் கை வைக்கவில்லை.

மூன்றாவது மிதவையைச் சுற்றியபோது வேகம் மிஞ்சிப்போய்க் கயிறு தொய்ந்தது. தொய்ந்த கயிறு அடுத்த கணம் விறைத்தது. வாசுகி முன்பக்கமாகத் தூக்கி எறியப்பட்டார். பின்கால் பூட்டிலிருந்து கழன்றுவிட்டது. முன்கால் கழலவில்லை. ஸ்கி ஒரு பக்கம் முறுக்க, உடம்பு மறுபக்கம் போனதை பாஸ்கர் பார்த்திருக்கிறான். "அய்யோ" என்றான், அவ்வளவுதான்.

விழுந்தவர் தலைக்கு மேலே கையைத் தூக்கிக் காட்டவேண்டும். நன்றாக இருக்கிறேன் என்பதற்கு அதுதான் அடையாளம். வாசுகி கையைத் தூக்கவில்லை.

தண்ணீரில் ஆள் இருக்கிறார் என்று மற்றப் போட்டுகளுக்குக் காட்டும் கொடியை பாஸ்கர் உயர்த்தினான். நான் வேகத்தைக் குறைத்துப் போட்டைத் திருப்பினேன். அந்த நேரத்தில் பாரடைஸ் பீச்சிலிருந்து சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய போட் மேற்கே வந்துகொண்டிருந்தது. ஆட்கள் எல்லாரும் ஒரே பக்கமாக நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். போட் சாய்ந்திருந்தது, ஓட்டுகிறவருக்கு எங்கள் பக்கம் மறைத்தது. வாசுகி விழுந்த இடத்தைக் குறிவைத்துப் போனேன். அங்கே அவர் இல்லை. எழுபது எண்பது அடி தள்ளி, அந்தப் பெரிய போட்டை நோக்கி மிதந்து போய்க்கொண்டிருந்தார். லைஃப் ஜாக்கெட்டின் ஆரஞ்சு நிறமும் அதற்குமேல் தலையும் மட்டும் தெரிந்தன.

அவசரப்பட்டு வேகமாகப் போனால் என் போட்டின் அலையே அவர் முகத்தில் அடிக்கும். மெதுவாகப் போனால் அந்தப் போட் முந்திவிடும். அவரைத் தாண்டிப் போய், இரண்டுக்கும் நடுவில் என் போட்டைக் குறுக்காக நிறுத்தினேன். பாஸ்கர் கொடியோடு நின்று தொண்டை கிழியக் கத்தினான். பெரிய போட் இருபது அடிக்குள் வந்து எஞ்சினை அடக்கியது. அதில் ஒரு அம்மாள் மட்டும் இன்னும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

எஞ்சினை அணைத்தேன். பாஸ்கர் குதித்து, வாசுகியின் தலையைப் பிடித்துக்கொண்டு, பூட்டைக் கழற்றினான். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. என்னைப் பார்த்து முதலில் சொன்னது இதுதான்: "அண்ணா, நான் கொறைக்க சொன்னேனே."

"வேகம் சரியாத்தாம்மா இருந்துச்சு" என்றேன். வலியில் கிடக்கிற ஒருவரிடம் சொல்கிற பேச்சா அது?

முழங்காலில் தசைநார் கிழிந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள்.

எங்கள் கிளப்பில் ஒரு விபத்துப் பதிவேடு உண்டு. என்ன வேகம், சைகை ஏதும் காட்டினாரா, விழக் காரணம் என்ன என்று மூன்று கேள்விகள். அன்று மாலையே எழுதினேன். 'வேகம் நாற்பத்தாறு, சரியானதே. தெளிவான சைகை இல்லை. பயத்தில் நிமிர்ந்ததால் விழுந்தார்.' இரண்டாவது வரியை எழுதும்போது கை ஒரு நொடி நின்றது. சைகை காட்டினார் என்று எழுதினால், ஏன் குறைக்கவில்லை என்று கேட்பார்கள். வேகம் சரியாக இருந்தபோது எதற்கு வீண் வம்பு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாஸ்கர் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். பிறகு கையெழுத்துப் போட்டான். கமிட்டிக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, வாசுகிக்கு மனஉறுதி போதாது, வேறு ஆளைத் தேடலாம் என்று முடிவெடுத்தார்கள். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. தப்பு செய்துவிட்டதாகத் தோன்றவில்லை.

மூன்று வாரம் கழித்து, பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர் ஸ்கி ஓட்ட வந்தார். பரம்பரையாகவே பிரெஞ்சுப் பட்டாளத்துக் குடும்பம், ஊரில் சொல்தா வீடு என்பார்கள். நல்ல வலுவான ஆள். கிழக்கே போகும்போது விரலை மேலே காட்டினார். மேற்கே திரும்பியதும் கீழே காட்டினார். இரண்டாவது தடவை காட்டிவிட்டுக் கைப்பிடியையே விட்டுவிட்டார். பக்கத்தில் போட்டைக் கொண்டுபோனதும் சத்தம் போட்டார்.

"என்னங்க ஓட்டுறீங்க? போறப்ப மாடு மாதிரி இழுக்குது, வர்றப்ப பேய் புடிச்ச மாதிரி ஓடுது! மனுஷன் நிக்கறதா வேணாமா?"

"சாரி சார், என்னான்னு பாக்கறேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. இவர் சொன்னதும் பார்க்கிறேன் என்கிறேன். அதே இரண்டு சைகைகளை அதே வரிசையில் வாசுகி காட்டியபோது சிரித்தேன்.

நடு ஆற்றில் எஞ்சினை அணைத்தேன். சாவியை எடுக்கவில்லை. திரை எரிந்துகொண்டிருந்தது. சத்தம் அடங்கியது. அலை அடங்கியது. போட் அசையாமல் நிற்பதுபோல இருந்தது. பக்கத்தில் மிதந்த அவரும், ஒரு தென்னமட்டையும், நாங்களும் சேர்ந்தே இருந்தோம். திரையைப் பார்த்தேன்.

ஐந்து.

"பொட்டி கெட்டுப்போச்சாண்ணே?" என்றான் பாஸ்கர்.

கரையைப் பார்த்தேன். சவுக்கு மரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன. ஆறு எங்கள் எல்லாரையும் ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் கடலுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. பெட்டி கெடவில்லை. அது தரையை வைத்து வேகம் சொல்கிறது. ஸ்கி ஓடுவது தண்ணீரில். ஆற்றோடு போகும்போது வாசுகியின் காலடியில் நாற்பத்தொன்று. அதனால்தான் அமுங்கினார். எதிர்த்து வரும்போது ஐம்பத்தொன்று. பழைய முள் தண்ணீரைத் தொட்டு வேகம் சொன்னதால் இருபது வருடமாக இந்தக் கணக்கு எனக்குத் தேவைப்படவே இல்லை. வாசுகி விழுந்த அன்றும் இதேபோல எஞ்சினை அணைத்துவிட்டு நின்றேன். அன்று முழுக்கத் திரையையே கட்டிக்கொண்டு அழுதவன், பார்த்திருக்கவேண்டிய அந்த ஒரு நேரத்தில் பார்க்கவில்லை.

ஓய்வு பெற எனக்கு எட்டு மாதம் இருந்தது. பாஸ்கரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன். "அண்ணே, மின்னாடி எழுதனத விட்ருங்க. இனிமே தண்ணி ஓட்டத்த பாத்து நம்பர மாத்தி போட்டுக்கலாம். யாருக்கும் தெரியாது" என்றான். என்மேல் இருந்த பிரியத்தில்தான் சொன்னான். எனக்கும் அது பிடித்திருந்தது. பதினோரு நாள் அப்படியே விட்டேன். எண்ணை மாற்றிப் போட்டு ஓட்டினேன். எல்லாரும் பாராட்டினார்கள்.

பன்னிரண்டாவது நாள் காலையில் கொட்டகையைத் திறந்தால், ஸ்கிகள் வைக்கும் வரிசையில் வாசுகியின் ஸ்கி நின்றுகொண்டிருந்தது. மேலே ஒரு சீட்டு: 'விற்பனைக்கு. பூட்டும் சேர்த்து.' முந்தின நாள் சாயங்காலம் அவர் கணவர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாராம். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதற்குமேலும் சும்மா இருந்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது.

அன்றே முதலியார்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். காலை நீட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "வாங்கண்ணா" என்றார். கணவர் டீ போட உள்ளே போனார். பெட்டியைப் பற்றி, ஆற்றைப் பற்றி, நாற்பத்தொன்று ஐம்பத்தொன்று பற்றி எல்லாம் சொன்னேன். நிறையவே சொன்னேன். பெட்டியைப் பற்றிப் பேசினால் என்னைப் பற்றிப் பேசவேண்டாமே.

அவர் இடையில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் இருக்கட்டும்ண்ணா. நான் விரல காட்டினேனா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

"காட்டுனீங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேம்மா. ரெண்டு தடவ."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

"சைகையே இல்லன்னு எழுதியிருக்கீங்கன்னு கிளப் மேனேஜர் சொன்னாரு" என்றார். குரல் உயரவில்லை. "அண்ணன் பொய் எழுத மாட்டாரு, அப்ப நான்தான் காட்டியிருக்க மாட்டேன்னு நெனச்சிக்கிட்டேன். அஞ்சு வாரமா என்னயே நான் நம்பல. பயந்தாங்கொள்ளின்னு முடிவு பண்ணிதான் அந்த ஸ்கிய அனுப்பினேன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"வேணாம். கெளம்புங்க."

டீ வருவதற்குள் எழுந்து வந்துவிட்டேன்.

அங்கிருந்து நேராகக் கிளப்புக்குப் போய்ப் பதிவேட்டில் பழைய வரிகளுக்குக் கீழே எழுதினேன். சைகை காட்டினார், இரண்டு முறை. ஓட்டுநர் பார்த்தார். குறைக்கவில்லை. முன்பு எழுதியது பொய். அந்தக் கடைசி வார்த்தைக்கு மேனேஜர் கெஞ்சினார். "தவறுன்னு போடுங்க சார், பொய்ன்னு எதுக்கு?" நான் மாற்றவில்லை. பாஸ்கர் கேட்காமலேயே வந்து கையெழுத்துப் போட்டான். விற்பனைச் சீட்டைக் கிழித்து, ஸ்கியை அவனிடமே கொடுத்து அவர் வீட்டுக்கு அனுப்பினேன்.

கமிட்டி கூடியது. ஸ்டியரிங்கிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். மீதி மாதங்கள் படகு மேடையில் நின்று வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டேன். வெளியில் சிரித்துக்கொண்டிருந்தாலும் உள்ளே அவமானம் பிடுங்கித் தின்றது. வாசுகியிடம் மறுபடி பேசி, கால் சரியானதும் வந்து சேரச் சொன்னார்கள். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. மறுபடி தண்ணீரில் நின்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாராம்.

நான் ஓய்வு பெறுவதற்கு நான்கு நாள் முன்பு வந்தார். முழங்காலில் பட்டை. தோளில் அதே ஸ்கி. அன்று போட் ஓட்டியது உங்களில் ஒருவர்தான், அவருக்கே தெரியும். பாஸ்கர் வழக்கம்போலப் பின்பக்கம் பார்த்த சீட்டில் உட்காரப் போனான்.

"பாஸ்கர், நீ எறங்கு" என்றார் வாசுகி. பிறகு என் பக்கம் திரும்பினார். வீட்டில் பார்த்த பிறகு என்னிடம் அவர் பேசியது அதுதான் முதல் தடவை. "நீங்க வந்து ஒக்காருங்க."

நான் தயங்கினேன். "நானாம்மா?"

"நீங்கதான்."

ஏறி உட்கார்ந்தேன். இருபத்திரண்டு வருடம் போட் ஓட்டியவனுக்கு அந்தச் சீட்டில் என்ன செய்வதென்று தெரியவில்லை. அங்கே திரை கிடையாது. கயிறு விறைத்தது. வாசுகி எழுந்தார். ஒரு கணம் முழங்கால் வெடவெடத்தது, பிறகு நின்றது. நான் கண் சிமிட்டக்கூடப் பயந்தேன். மேற்கே திரும்பியதும் இரண்டாவது மிதவையில் அவருடைய வலதுகை கைப்பிடியை விட்டு விலகியது. விரல் முழுசாக நீள்வதற்குள் "கொறை!" என்று கத்திவிட்டேன். ஓட்டியவர் கேள்வி கேட்காமல் குறைத்தார். வாசுகி ஆறு மிதவையையும் சுற்றி வந்தார்.

அன்று நான்கு ஓட்டம். படகு மேடைக்கு வந்ததும் பூட்டிலிருந்து காலை உருவிக்கொண்டே, மூச்சு வாங்க, என்னைப் பார்த்துக் கேட்டார்.

"எத்தினி தடவ காட்டினேன்?"

"ஏழு" என்றேன். "ரெண்டு மேல, அஞ்சு கீழ."

தலையை ஆட்டினார். "நானும் ஏழுதான் எண்ணினேன்" என்றார்.